ஏ32என்எக்ஸ்: செஸ்னாவில் பழகிய கைக்கு ஓர் ஏர்பஸ்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் நான் ஓட்டிப் பழகியது செஸ்னா 172 என்ற சிறிய விமானம் மட்டுமே. பெரிய விமானம் வேண்டும் என்று முதலில் காசு கொடுத்து ஓர் ஆட்-ஆன் (சிமுலேட்டரில் சேர்க்கும் கூடுதல் விமானம்) வாங்கினேன். காக்பிட் அழகாக இருந்தது, பாதி சுவிட்சுகள் வேலை செய்யவில்லை. அதை அழித்துவிட்டு ஃப்ளை பை வயர் குழுவின் ஏ32என்எக்ஸை இறக்கினேன். ஏர்பஸ் ஏ320 நியோவின் இந்த மாடல் இலவசம், ஓப்பன் சோர்ஸ். மூன்று வாரமாக வேறு எதையும் தொடவில்லை.

முதல் டேக்-ஆஃபில் சுமார் 1,500 அடியில் திரையின் மேல்வரிசையில் 'எல்விஆர் சிஎல்பி' என்று மினுங்கத் தொடங்கியது. எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவரை, அது பதிந்து நிற்கும் 'கிளைம்ப்' பள்ளத்துக்கு இழு என்று அர்த்தம். இழுத்துத்தான் வைத்திருந்தேன், ஆனால் என் ஜாய்ஸ்டிக்கின் லீவரில் பள்ளமே கிடையாது. கேப்டன் பக்கத்து டேப்லெட்டில் இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. ஐடில் (குறைந்தபட்ச விசை), கிளைம்ப் (மேலேறும் விசை), ஃப்ளெக்ஸ் (குறைத்த டேக்-ஆஃப் விசை), டோகா (முழு விசை) என்று ஒவ்வொரு நிலைக்கும் லீவரை நகர்த்திப் பதிய வேண்டும். பத்து நிமிட வேலை. பறக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் மற்றது எதுவும் சரியாக வராது.

அடுத்து, ஆட்டோபைலட்டுக்கு வேகம், திசை, உயரம் சொல்லும் குமிழ்கள். அழுத்தினால் விமானத்தின் கணினி பார்த்துக்கொள்ளும், இழுத்தால் நாம் வைத்த எண்தான். ஹெடிங் (திசை) குமிழை வெறுமனே திருப்பிவிட்டுக் காத்திருந்தேன். விமானம் போட்ட வழியிலேயே போனது, நான் வைத்த எண்ணும் கொஞ்ச நேரத்தில் கோடுகளாக மாறிவிட்டது. இழுக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் மூக்கின் கோணத்தை நிலைநிறுத்த உதவும் டிரிம் சக்கரத்தைத் தேடும் பழக்கம் போக ஒரு வாரம் ஆனது. ஏர்பஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கான சைட்ஸ்டிக்கை விட்டுவிட்டால் விமானம் விட்ட நிலையிலேயே பறக்கும், டிரிம்மை அதுவே போட்டுக்கொள்ளும். செஸ்னாவில் விடாமல் திருத்திக்கொண்டே இருப்போமே, அந்தக் கையை இங்கே சும்மா வைத்திருக்கப் பழக வேண்டும்.

ஆனால் இந்த ஆட்-ஆனை நான் மதிப்பது தரையிறக்கத்துக்காகத்தான். ஏர்பஸ்ஸில் 50 அடியில் கணினி மூக்கின் கோணத்தை நினைவில் வைத்துக்கொள்ளும், 30 அடியில் மெல்ல மூக்கைக் கீழே இறக்கத் தொடங்கும். சாதாரண விமானம் போலவே நாம் ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த இறக்கத்தை இந்த மாடலில் கை உணர்கிறது! இழுக்கத் தவறினால் தரையில் மோதும் வேகம் நிமிடத்துக்கு 500 அடியைத் தொட்டுவிடும். 20 அடியில் 'ரிட்டார்ட்' என்று குரல் வந்ததும் லீவரை ஐடிலுக்குக் கொண்டுவர வேண்டும். தாமதித்தால் எஞ்சின் விசையைத் தானே கவனிக்கும் ஆட்டோத்ரஸ்ட் வேகத்தை விடாது, விமானம் ரன்வே மேல் மிதந்துகொண்டே போகும். ஒரே ரன்வேயில் நாற்பது முறையாவது இறங்கியிருப்பேன். இப்போது தரையைத் தொடும் வேகம் நிமிடத்துக்கு 200 அடிக்குள் வருகிறது.

குழுவின் தளத்தில் தொடக்கக்காரர்களுக்கு என்றே படிப்படியான கையேடு உண்டு. வீடியோ பார்ப்பதை விட அதை ஒருமுறை முழுதாகப் படிப்பது மேல். நிறுவும்போது ஸ்டேபிள் பதிப்பையே எடுங்கள். இன்னும் சோதனையில் இருக்கும் டெவலப்மென்ட் பதிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சிமுலேட்டருக்கே புதியவர் என்றால் முதலில் செஸ்னாவில் இருபது மணி நேரமாவது பறந்துவிட்டு வாருங்கள்.

இந்த வாரம் ஆட்டோத்ரஸ்ட்டை அணைத்துவிட்டு, பக்கக் காற்றில் இறங்கிப் பழகுகிறேன்.