கார்டு கடனை 'செட்டில்' பண்ணித் தருகிறோம் என்று போன் வந்தால் எடுக்காதீர்கள்: 42,480 ரூபாய் தொலைத்தவன் எழுதுகிறேன்

கை இன்னும் படபடக்கிறது. முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கட்டிய 42,480 ரூபாய் இனி வராது என்பது நேற்று மதியம்தான் உறுதியாயிற்று.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் என் தப்பை நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு கிரெடிட் கார்டு. பழைய போன் நன்றாக இருக்கும்போதே புதுப் போன், நண்பர்கள் போகிறார்களே என்று ஒரு சுற்றுலா, மகள் பிறந்தநாளுக்கு ஹால். எல்லாம் தேய்த்ததுதான். கடைசியில் 2,40,000 ரூபாய் நின்றது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையாக 12,000 கட்டிவிட்டு, ஒழுங்காகக் கட்டுகிறவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 8,400. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,512. ஆக, 12,000 கட்டினால் அசலில் குறைவது சுமார் 2,000. இப்படிக் குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று ஸ்டேட்மென்ட்டிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். ஒருநாளும் படித்ததில்லை.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது. வங்கியிடம் பேரம் பேசி, கடனைக் குறைத்து முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் 'கடன் தீர்வு ஏஜென்சி' ரகம். வக்கீல் கோட்டுப் படம் போட்ட வெப்சைட், இனிமையாகப் பேசும் ஒரு பையன். முதல் இரண்டு நாள் "சார்". மூன்றாம் நாள் "அண்ணா".

"அண்ணா, நானும் இந்தக் குழில விழுந்து எழுந்தவன்தான். ராத்திரி தூக்கம் வராது இல்ல?"

அங்கேதான் விழுந்தேன். தூக்கம் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லாத விஷயத்தை முகம் தெரியாத ஒருவன் கேட்டதும் தொண்டை அடைத்துவிட்டது. எவ்வளவு கடன், எவ்வளவு சம்பளம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இன்றைக்கு நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அது அவன் ஐந்நூறு பேரிடம் கேட்கும் கேள்வியாக இருக்கும்.

சட்டமும் பேசினான். 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி செல்லாது என்று நுகர்வோர் ஆணையமே சொல்லிவிட்டதாம், வங்கி பாதித் தொகைக்கு இறங்கி வந்தே ஆக வேண்டுமாம். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் அப்படிச் சொன்னது உண்மைதான். அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதை மட்டும் அவன் சொல்லவில்லை, நானும் தேடிப் பார்க்கவில்லை.

கட்டணம், கடனில் 15 சதவீதம்: 36,000. அதன்மேல் ஜிஎஸ்டி 6,480. மொத்தம் 42,480. யூபிஐயில் அனுப்பும்போது திரையில் கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனிநபர் பெயர் வந்தது. கேட்டேன். "அக்கவுன்ட்ஸ் மேனேஜர் அண்ணா அது" என்றான். சரி என்று அனுப்பிவிட்டேன். (பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை நேற்று அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தேன். சம்பந்தமே இல்லாத வேறொரு வியாபாரத்தின் பெயர் வருகிறது.)

அப்புறம் இரண்டு கட்டளை. ஒன்று, கார்டுக்கு ஒரு பைசா கட்டக்கூடாது, 90 நாள் தாண்டினால்தான் வங்கி பேச வரும். இரண்டு, வங்கியிலிருந்து வரும் அழைப்புகளை அவர்கள் எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும், 'லீகல் டீம்' பேசிக்கொள்ளும். செய்தேன். போன் அடங்கியது. தூக்கம் வந்தது. பிரச்சினை தீர்கிறது என்றே நம்பினேன்.

மூன்றாம் மாதம் நானாகக் கேட்க ஆரம்பித்தேன். "டிக்கெட் போட்டிருக்கோம் சார்." மறுவாரம், "உங்க ஃபைல் சீனியர் அட்வகேட்கிட்ட இருக்கு." அதற்கடுத்து, "மேடம் லீவு, திங்கட்கிழமை." எத்தனை திங்கட்கிழமை! அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டானாம். 'அண்ணா' திரும்ப 'சார்' ஆகி, கடைசியில் "ஒப்பந்தத்துல அஞ்சாவது பக்கம் படிங்க, கட்டணம் திருப்பித் தரப்படாதுன்னு இருக்கு" என்று ஒரு பெண் குரல் வைத்துவிட்டது. இப்போது என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள்.

நேற்று நேராக வங்கிக்கே போனேன். ஐந்து மாதத்தில் 2,40,000 மூன்று லட்சத்தைத் தொட்டு நிற்கிறது. அந்த அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "மொத்தத்தையும் குறைஞ்ச வட்டி தவணையா மாத்தித் தர்றோம்னு உங்களுக்கு மூணு தடவை போன் பண்ணியிருக்கோம் சார். யாரோ எடுத்து, நான் வக்கீல்னு சொல்லி வெச்சுட்டாங்க."

நான் 42,480 ரூபாய் கொடுத்து வாங்கியது இதைத்தான். எனக்கு வந்த உதவியை என் காதுக்கு வராமல் தடுக்க ஆள் வைத்திருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரமாகச் சில: கட்ட முடியாவிட்டால் முதல் மாதமே வங்கிக்கு நீங்களே போய்க் கேளுங்கள், கேட்பதற்குக் கட்டணம் கிடையாது. அழைப்புகளைத் திருப்பிவிடச் சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். குறைத்துக் கட்டி முடித்தால் விழும் 'செட்டில்டு' என்ற குறிப்பு முழுதாகக் கட்டி முடித்ததாகாது, நம் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் கறையாக நிற்கும். கடன் தள்ளுபடி வாங்கித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வசூலிப்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரிலேயே அறிவித்திருக்கிறது. இவர்கள் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் வராத ஆட்கள், அதனால் இவர்கள்மேல் ஓம்பட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி அதிகாரி) புகார் செல்லாது. பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். நான் ஐந்து மாதம் கழித்துச் செய்தேன். புகாரைப் பதிவு செய்துகொண்டு, "இவ்வளவு நாள் என்ன சார் பண்ணீங்க?" என்றார்கள்.

காலையில் யூபிஐ ரசீது, ஒப்பந்தம் எல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். அதற்கு முன் மனைவியிடம் சொல்ல வேண்டும். அவளுக்கு இன்னும் தெரியாது.