மெய்ன் கூனா, ராக்டாலா, பெர்சியனா: மதுரை வெயிலில் பெரிய பூனை வாங்கப் போகிறவர்களுக்கு

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் அக்கா போன் பண்ணினாள். "தம்பி, பிள்ளைக ரெண்டும் மெய்ன் கூன் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குதுக. நீதான் பூனை வளத்தவன், கூட வந்து பாத்துக் குடுடா." அண்ணா நகரில் மூன்றாவது மாடி வீடு, மேற்கே பார்த்த பால்கனி, ஒரே ஒரு அறையில் ஏ.சி. எனக்குப் பூனைக்கு முன்னால் அந்தப் பால்கனிதான் நினைவுக்கு வந்தது.

நான் வளர்த்தது பெர்சியன். எட்டு வருஷம் எங்களோடு இருந்தது. மே மாத மதியங்களில் மொசைக் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். நாய் நாக்கைத் தொங்கப்போடுவது மாதிரிதான் இதுவும் என்று இருந்துவிட்டேன். பூனை வாய் திறந்து இளைத்தால் அது ஆபத்தின் அறிகுறி என்பது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. வெயிலிலிருந்து ஒவ்வொரு வருஷமும் தப்பித்த அது, கடைசியில் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தது. வாங்கும்போது தாய், தகப்பனைப் பற்றி நான் இரண்டே இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அந்த நோவுள்ள குட்டியை வாங்கியிருக்க மாட்டேன் என்பது இன்னும் என்னை அறுக்கிறது. அதனால் இந்த முறை அவசரப்படவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை, ஏழு இடம் ஏறி இறங்கினோம்.

முதலில் பெர்சியன். ஊரில் எளிதாகக் கிடைப்பது இதுதான், எங்களிடம் கேட்டது பத்திலிருந்து பதினைந்தாயிரம். விற்பவர்கள் டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் ஃபேஸ் என்று முகத்தை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். பஞ்ச் ஃபேஸ்தான் ஆகத் தட்டை; முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவு விலை. பூனையின் கஷ்டமும் அதே கணக்கில்தான் ஏறுகிறது: மூக்குத் துவாரம் குறுகும், கண்ணீர்க் குழாய் மடங்கிக் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும், வெக்கையில் மூச்சு திணறும். பூனைக்கு வேர்ப்பது பாதத்தில்தான். மற்றபடி உடம்பை நக்கிக் குளிர்த்திக்கொள்கிறது. அதுவும் போதாதபோது மூச்சால் சூட்டை வெளியேற்ற வேண்டும், அதற்கு மூக்கு வேண்டும். இன்னொன்று, பெர்சியன் பெரிய பூனையே அல்ல. குளிப்பாட்டிப் பார்த்தால் தெரியும், பாதி ரோமம். எடை பெரும்பாலும் ஐந்து கிலோவைச் சுற்றித்தான். சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் இந்த இனத்தில் அதிகம். அதற்கான மரபணுக் கோளாறை 2004-இல் கண்டுபிடித்துவிட்டார்கள், பரிசோதனையும் இருக்கிறது. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடம் இருந்தாலே குட்டிக்கு வரலாம். ஏழு இடத்திலும் பெர்சியன் வைத்திருந்தவர்களிடம் இந்தச் சோதனையைப் பற்றிக் கேட்டேன். ஒருவருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. மதுரைக்குப் பஞ்ச் ஃபேஸ் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

ராக்டால் வேறு சாதி. கலிபோர்னியாவில் ரிவர்சைட் என்ற ஊரில் ஆன் பேக்கர் என்ற பெண்மணி 1960-களில் உருவாக்கியது. நீலக் கண், முகத்திலும் காதிலும் வாலிலும், பெரும்பாலும் கால்களிலும், அடர்ந்த நிறம். குட்டி பிறக்கும்போது வெள்ளையாகவே இருக்கும், நாளாக ஆகத்தான் நிறம் ஏறும். தூக்கினால் துவண்டு கையில் கிடக்கும். ராக்டால் என்றால் துணிப் பொம்மை, பெயரே அதனால் வந்ததுதான். கடுவன் ஆறிலிருந்து ஒன்பது கிலோ வரை வரும். அடிரோமம் குறைவு என்பதால் சிக்கு விழுவது பெர்சியனைவிடக் கம்மி. பிள்ளைகள் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு இதன் குணம் அப்படியே பொருந்தும். ஆனால் தெருப் பூனை சீறினால் திருப்பி அடிக்கத் தெரியாத அப்பாவி, வெளியே விடவே கூடாது. நீலக் கண் இருக்கிற பெர்சியன் கலப்பையெல்லாம் ராக்டால் என்று தள்ளிவிடுகிறார்கள். பக்கவாட்டில் பாருங்கள், மூக்கு உள்ளே போயிருந்தால் அது ராக்டால் இல்லை.

இனி மெய்ன் கூன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பண்ணைப் பூனை. 1895-இல் நியூயார்க்கில் நடந்த பெரிய பூனைக் கண்காட்சியில் பரிசு வாங்கியதே ஒரு மெய்ன் கூன்தான். 1985-இல் அந்த மாநிலம் இதைத் தன் அதிகாரப்பூர்வப் பூனையாக அறிவித்தது. பனிக்கென்றே அமைந்த உடம்பு: வயிற்றிலும் பின்தொடையிலும் நீண்ட ரோமம், விரலிடுக்கில் குஞ்சம், சுருண்டு படுத்தால் போர்த்திக்கொள்ள வால். இதை மதுரைக்குக் கொண்டுவருவது பாவமில்லையா என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. முகம் நீளம் என்பதால் மூச்சு விஷயத்தில் பெர்சியனைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் ஏ.சி. இல்லாத வீட்டில் வைத்தால் பாவம்தான். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட் இழுக்கும். மதியம் ஆறு மணி நேரம் என்று வைத்தாலும் இரண்டு மாத பில்லில் 350-லிருந்து 550 யூனிட் கூடும். 500-ஐத் தாண்டினால் ரேட்டே வேறு. பூனை விலையோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கோடைக்கு மொட்டையடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தினம் பத்து நிமிஷம் சீப்புப் போட்டால் போதும்.

அளவைப் பற்றி இணையத்தில் சுற்றும் படங்களை நம்ப வேண்டாம். பெட்டை நாலிலிருந்து ஆறு கிலோ, கடுவன் ஆறிலிருந்து எட்டு, சிலது பத்தைத் தொடும். இதன் பிரம்மாண்டம் நீளத்தில். இத்தாலியில் பாரிவெல் என்ற மெய்ன் கூனை 2018-இல் அளந்தபோது மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை 120 சென்டிமீட்டர், கின்னஸில் ஏறியது. முழு வளர்ச்சிக்கு மூன்றிலிருந்து ஐந்து வருஷம் ஆகும். ஆகவே மூன்று மாதக் குட்டியைக் காட்டி "இது பதினஞ்சு கிலோ வரும்ணே" என்றால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். குட்டியில் பார்க்க வேண்டியது சதுரமான வாய்ப்பகுதி, உயர்ந்து நிமிர்ந்த காது, செவ்வகமான நீண்ட உடம்பு, முதுகுமேல் மடக்கினால் தோள்பட்டையைத் தொடும் வால். தட்டை மூக்கும் குட்டை வாலும் இருந்தால், காதுக் குஞ்சத்தைக் காட்டி என்ன சொன்னாலும் அது பெர்சியன் கலப்பு. எங்களிடம் கேட்ட விலை எழுபதாயிரத்தில் தொடங்கி ஒன்றேகால் லட்சம் வரை போனது. ராக்டால் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில்.

இவ்வளவு பேசினாலும் இந்த இரண்டில் எது என்பதை முடிவு செய்ய வேண்டியது இதயம். இரண்டு இனத்துக்கும் இதயச் சுவர் தடித்துப்போகும் நோய் பரம்பரையாக வருகிறது. மெய்ன் கூனில் அதற்கான மரபணு மாற்றத்தை 2005-இல் கண்டுபிடித்தார்கள், ராக்டாலில் 2007-இல். ஒரே மரபணுதான், மாற்றம் இருக்கும் இடம் வேறு. வெளிநாட்டு ஆய்வுகளில் சோதித்த மெய்ன் கூன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றிடம் இது இருந்தது. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் இந்த மாற்றம் வந்த குட்டிக்கு ஆபத்து மிக அதிகம். வெளியே ஒன்றும் தெரியாது. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பூனை ஒருநாள் பொத்தென்று விழும், அல்லது ரத்தக்கட்டி அடைத்துப் பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டு அலறும். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினால் சோதனை முடிந்தது. லட்ச ரூபாய்க்குக் குட்டி விற்கிறவர் தாய்க்கும் தகப்பனுக்கும் அதைச் செய்திருக்க வேண்டும். மரபணுச் சோதனையில் தேறிய பூனைக்கும் இந்த நோய் வருவதுண்டு, எனவே எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்தார்களா என்று கேளுங்கள். சீ.எஃப்.ஏ., டிக்கா, டபிள்யூ.சி.எஃப். என்று பூனை இனங்களைப் பதிவு செய்யும் சங்கங்களின் முத்திரை போட்ட பெடிக்ரி சர்டிஃபிகேட்டை நீட்டுவார்கள். அது இன்னாருக்குப் பிறந்தது என்று சொல்லும் காகிதம், ஆரோக்கியத்துக்கு அது சாட்சி இல்லை.

மூன்றாவதாகப் போன இடம் ஒரு மொட்டை மாடி. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் கோழிக்கூண்டு கம்பிவலை, அதற்குள் ஐந்து குட்டி. தண்ணீர்க் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. ஒரு குட்டிக்குக் கண்ணில் பீளை கட்டி இமை ஒட்டியிருந்தது. தடுப்பூசி அட்டையில் தேதி இருந்தது, மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் இல்லை, டாக்டர் கையெழுத்தும் இல்லை. "நாப்பத்தஞ்சு நாளாச்சு, தூக்கிட்டுப் போங்கக்கா" என்றார். எட்டு வாரம் ஆகாத குட்டியைக் கடையில் விற்கக்கூடாது என்று 2018 செல்லப்பிராணிக் கடை விதிகளே சொல்கின்றன. தாயிடம் பன்னிரண்டு வாரமாவது இருக்க வேண்டும் என்பதே என் கணக்கு. அக்காவுக்கு அந்தக் குட்டியைக் காப்பாற்றி எடுத்துப் போய்விடலாம் என்று துடித்தது. அந்தப் பணம் அடுத்த ஈற்றுக்குத்தான் முதலாகும் என்று சொல்லி, கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தேன். படியிறங்கும்போது இரண்டு பேருமே பேசவில்லை.

ஆறாவது வீட்டில் தாய்ப்பூனையே வாசலுக்கு வந்து என் செருப்பை மோந்தது. "க்ர்ர்யூ" என்று மெய்ன் கூனுக்கே உரிய அந்தத் தொண்டைக் குரல். வீட்டம்மா குட்டியைச் சமையலறைத் தராசில் வைத்துக் காட்டினார், வாரவாரம் எழுதிய எடை நோட்டையும் காட்டினார். நாங்கள் கேட்பதற்கு முன்னால் அவரே கேட்டார்: "பால்கனிக்கு நெட் போட்டாச்சா? பகல்ல வீட்ல யார் இருப்பா? என்ன குடுப்பீங்க?" அக்கா தயிர்சாதமும் நெத்திலியும் என்றாள். அவர் சிரிக்காமல் சொன்னார்: பூனைக்கு டாரின் என்ற சத்து கறி, மீன் மாதிரி அசைவத்திலிருந்துதான் வர வேண்டும், அது குறைந்தாலும் இதயம்தான் அடிவாங்கும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். தாய், தகப்பன் இரண்டுக்கும் மரபணு ரிப்போர்ட் இருந்தது, இரண்டும் நெகடிவ். தாய்க்கு எக்கோவும் எடுத்திருந்தார்.

ராக்டால் வைத்திருந்த இரண்டு பேரில் ஒருவரிடமாவது இப்படி ரிப்போர்ட் இருந்திருந்தால் அக்கா வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். குணத்தில் அதுவே அந்த வீட்டுக்கு இன்னும் பொருத்தம். ரிப்போர்ட் இல்லாத ராக்டாலைவிட ரிப்போர்ட் உள்ள மெய்ன் கூன் மேல், அதிலும் அளவில் சிறிய பெட்டை. பிள்ளைகள் கடுவன் கேட்டார்கள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள், பிறகு சமாதானம். இவ்வளவு பணம் முடியாதவர்களுக்கு என் மனசறிந்து சொல்வது நாட்டுப்பூனை. இந்த வெயிலிலேயே பிறந்தது, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுவிட்டால் கவலையே இல்லை.

குட்டிக்கு இப்போது ஒன்பது வாரம். பதின்மூன்று முடிந்துதான் தருவேன் என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேற்று பால்கனிக்கு வலை போட ஆள் வந்தார். துவைக்கிற மெஷின் பைப் போகும் மூலையில் நாலு விரல் இடைவெளி விட்டிருந்தார். அக்கா தன் கையை அதற்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "இதையும் அடைச்சிருங்கண்ணே" என்றாள்.