நிசேகோயா, யாகுசா ஃபியான்சேயா?

யாகுசா எனப்படும் ஜப்பானியக் குற்றக் கும்பல் குடும்பங்களுக்குள் நடக்கும் காதல் மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டைத்தான்.

நவோஷி கோமியின் ‘நிசேகோய்’ 2011 முதல் 2016 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் வந்தது. மொத்தம் 25 தொகுதிகள். யாகுசா தலைவரின் மகன் ராக்குவும் எதிர்க் கும்பல் தலைவரின் மகள் சிதோகேவும், சண்டை மூளாமல் இருக்க, மூன்று வருடம் காதலர்களாக நடிக்க வேண்டும். ராக்குவின் கனவோ அரசு வேலை! அடியாட்கள் எல்லாரும் சிரிக்க வைக்கவே வருகிறார்கள். ஜாலியான கதை, நடுவில் மட்டும் ரொம்ப இழுக்கிறது.

அசுகா கொனிஷியின் ‘யாகுசா ஃபியான்சே’ 2017இல் தொடங்கி, 2024இல் அனிமேவாகவும் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) வந்தது. ஒசாகா தலைவரின் பேத்தி யோஷினோ, டோக்கியோ தலைவரின் பேரன் கிரிஷிமா. தாத்தாக்கள் பேசி வைத்த சம்பந்தம். பள்ளியில் பூப்போல இருக்கும் கிரிஷிமா, தனிமையில் யோஷினோவிடம், “நீ சலிப்பூட்டுகிறாய், உடம்பை விற்றாவது எனக்கு உதவு” என்கிற தொனியில் பேசுகிறான். அவள் அழுதுகொண்டு ஊருக்கு ஓடவில்லை. தன் சிறுநீரகத்தை விற்று, பணத்தை அவன் முன்னால் கொண்டுவந்து போடுகிறாள். அந்த நொடியில் அவன் அவள்மேல் பைத்தியமாகிறான். அவளுக்கோ அவன்மேல் துளியும் நம்பிக்கை வரவில்லை, அப்புறமும் லேசில் வருவதில்லை.

எனக்கு யோஷினோதான் பெரிய ஈர்ப்பு. இந்த வகைக் கதைகளில் பெண் பெரும்பாலும் ஆபத்தான ஆணால் காப்பாற்றப்படுபவள். இவளோ அந்த உலகத்திலேயே வளர்ந்தவள். ஆபத்தைக் கண்டால் கணக்குப் போடுகிறாள். நிசேகோயில் கும்பல் வெறும் பின்னணி, இதில் அதுதான் காதலின் விலை.

பள்ளி வயதினருக்கு நிசேகோய் போதும். வன்முறையைத் தாங்க முடியும் என்றால், தயங்காமல் கொனிஷியில் தொடங்குங்கள்.