ஈஸ்ட்ரோஜெல்: மனசுக்கும் ஞாபகத்துக்கும் எவ்வளவு உதவும்?

மாதவிலக்கு நிற்கப்போகும் வருடங்களில் டாக்டரிடம் பெண்கள் சொல்வது பெரும்பாலும் உடம்புச் சூட்டைப் பற்றித்தான். தெரிந்த பெயர் வாயில் வராமல் நிற்பதையும், வாசித்த பத்தியையே திரும்ப வாசிப்பதையும், காரணம் இல்லாமல் வரும் எரிச்சலையும் அழுகையையும் வயசுக் கோளாறு என்று விழுங்கிவிடுகிறார்கள். இந்த வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரே சீராகக் குறைவதில்லை. ஏறி ஏறி இறங்குகிறது. இரவு வியர்வை தூக்கத்தைக் கெடுக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் மனசையும் கவனத்தையும் அடிக்கின்றன.

ஈஸ்ட்ரோஜெல் அந்த ஹார்மோனைத் தோல் வழியாகத் தரும் ஜெல். பம்ப் டப்பா 80 கிராம். ஒரு அழுத்தலுக்கு 1.25 கிராம் ஜெல், அதில் 0.75 மில்லிகிராம் ஈஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை). வழக்கமான தொடக்கம் தினம் 2 அழுத்தல். டாக்டர் சொன்னால் 4 வரை கூட்டலாம்.

புது டப்பாவின் முதல் அழுத்தலில் முழு அளவு வராது. அதைத் துடைத்து எறிந்துவிட்டுத் தொடங்குங்கள். குளித்து ஈரம் காய்ந்தபின் தோள்பட்டை, கையின் வெளிப்பக்கம் அல்லது உள்தொடையில் மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். அழுத்தித் தேய்க்க வேண்டாம். மார்பில் கூடாது. 5 நிமிடம் காயவிட்டுத்தான் துணி. ஒரு மணி நேரத்துக்கு அந்த இடத்தில் தண்ணீரோ கிரீமோ படக்கூடாது, குழந்தையின் தோலும் உரசக்கூடாது. ஆல்கஹால் கலந்தது என்பதால், காயும்வரை அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. டப்பா 64 அழுத்தலுக்குத்தான். தினம் 2 என்றால் 32 நாள். அதன்பிறகும் ஏதோ வரும், ஆனால் அளவு குறைந்திருக்கும். மாதக் கடைசியில் சூடும் எரிச்சலும் திரும்பினால், மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டும் முன் திறந்த தேதியைப் பாருங்கள். டப்பா மேலேயே எழுதி வைப்பது நல்லது.

கர்ப்பப்பை உள்ளவர்கள் இதைத் தனியாகப் போடவே கூடாது. உள்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். கூடவே உள்சவ்வைக் காக்கும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் வேண்டும்: தினமும் 100 மில்லிகிராம், அல்லது மாதத்தில் 12 நாள் 200. தூக்கம் வரவழைக்கும் மருந்து, ஆகவே படுக்கும்போது எடுங்கள். சிலருக்கு அதுவே மனசைச் சோர்வாக்கும். அப்படி நடந்தால் சொல்லி முறையை மாற்றிக்கொள்ள வேண்டும், ஜெல்லை மட்டும் தொடரக் கூடாது.

பலனைப் பார்ப்போம். சூடும் வியர்வையும் சில வாரங்களில் அடங்கத் தொடங்கும். முழுப் பலனுக்கு 3 மாதம் பொறுக்க வேண்டும். தூக்கம் திரும்பினால் கவனமும் ஓரளவு திரும்பும். மனச்சோர்வைப் பொறுத்தவரை, 2018இல் வந்த அமெரிக்க ஆய்வில் இதே ஹார்மோனைத் தோலில் பட்டையாக ஒட்டியவர்களில் 17 சதவீதத்தினருக்கும், மருந்தில்லாத வெற்றுப் பட்டை ஒட்டியவர்களில் 32 சதவீதத்தினருக்கும் ஓராண்டில் அறிகுறிகள் வந்தன. மதிக்கத்தக்க வித்தியாசம். ஆனால் இது ஞாபகசக்தி மருந்தல்ல. டிமென்ஷியா என்ற மறதி நோயைத் தடுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். 65 வயதுக்கு மேல் வேறு வகை ஹார்மோன் மாத்திரைகளைச் சேர்த்துத் தந்த பெரிய ஆய்வில், 2003இல், டிமென்ஷியா அபாயம் இரட்டிப்பானதாகவே தெரிந்தது.

வாங்கும் முன் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். மூன்றில் எது குறைந்தாலும் இதே மறதியும் அசதியும் வரும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு பி12 ரொம்ப முக்கியம். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, கல்லீரல் நோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்தால் டாக்டர் முடிவு செய்யட்டும், மெடிக்கல் ஷாப் அல்ல. மாத்திரையைவிடத் தோல் வழி எடுப்பதில் ரத்தம் உறையும் ஆபத்து குறைவு என்பது இதன் பெரிய பலம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால் ஜெல் போதாது, மனநல மருத்துவரிடம் போக வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே 14416க்கு அழையுங்கள். அது அரசின் இலவச டெலி மானஸ் எண், தமிழிலும் பேசலாம்.