ஆறு பகுதிப் பெட்டியும் ஏழு பகுதிப் பெட்டியும்

அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்: "சார், அந்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நல்லா இருக்குமா? சனி, ஞாயிறுல உட்கார்ந்து பார்த்து முடிச்சிடலாமா?" அவர் கேட்டது 2011இல் வந்த படத்தை அல்ல, 1979இல் பிபிசி எடுத்த தொலைக்காட்சித் தொடரை. அது பல வருடமாக என் அலமாரியில் இருப்பது அவருக்குத் தெரியும். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் இவ்வளவு நீளம்.

கதை ஓரளவு தெரிந்தவர்களுக்கே எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு இது போதும்: பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சியில் இருப்பவர்களில் ஒருவன் மாஸ்கோவின் ஆள். வேலையிலிருந்து வெளியே தள்ளப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலியைத் திரும்பக் கூப்பிட்டு, அவன் யாரென்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். ஜான் லெ காரே 1974இல் எழுதிய நாவல். ஸ்மைலியாக அலெக் கின்னஸ். குற்றவாளி யாரென்று இங்கே சொல்ல மாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். என்னிடம் முதலில் வந்தது அமெரிக்க டிவிடி பெட்டி. மச்சினன் ஊருக்கு வந்தபோது வாங்கி வந்தான். பிரிட்டனில் ஏழு பகுதிகளாக ஓடிய தொடரை அமெரிக்காவுக்காக ஆறாகச் சுருக்கியிருந்தார்கள், அந்தப் பெட்டிக்குள் இருந்ததும் அந்த ஆறுதான். காட்சிகளின் ஓரங்களைக் கத்தரித்திருக்கிறார்கள். ஒருவர் அறைக்குள் வருவார், கோட்டைக் கழற்றுவார், எதிரில் இருப்பவரை ஒரு நொடி பார்ப்பார், அப்புறம்தான் பேசுவார். வெட்டுபவர் கண்ணுக்கு இதில் முக்கால்வாசி வீண். ஆனால் இந்தத் தொடரே அந்த வீணில்தான் நடக்கிறது. வசனத்தில் எல்லோரும் பொய் சொல்கிறார்கள், உண்மை தெரிவது வாயைத் திறப்பதற்கு முந்தைய அந்த நொடியில்தான்.

வெட்டியதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை, வரிசையையும் மாற்றியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் பதிப்பில் ஸ்மைலி முதலில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் கோனி சாக்ஸைப் பார்க்கிறார். துறையின் நினைவு முழுவதையும் தலையில் வைத்திருந்தவள், அதற்காகவே துரத்தப்பட்டவள். பெரில் ரீட் அந்த ஒரு காட்சியில் சிரித்து, கெஞ்சி, குடித்து, கடைசியில் அழ வைத்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் ஸ்மைலிக்கு உதவும் பீட்டர் கில்லம் தலைமையகத்துக்குள் புகுந்து கோப்பு ஒன்றைத் திருடுகிறான். கோனி பேசியதைக் கேட்டுவிட்டு இந்தத் திருட்டைப் பார்க்கும்போது, அந்தக் கட்டடம் எப்படிப்பட்டவர்களை வெளியே எறிந்துவிட்டு நிற்கிறது என்று நமக்குத் தெரியும், கில்லமுக்காக வயிறு கலங்குகிறது. அமெரிக்கப் பதிப்பில் திருட்டு முதலில், கோனி பிறகு. திருட்டு வெறும் திருட்டாகப் போய்விடுகிறது.

இதில் என்னைக் கடுப்பேற்றும் சமாச்சாரம் என்னவென்றால், நாவலில் இருக்கும் வரிசை அமெரிக்கப் பதிப்பின் வரிசைதான். மூலத்துக்கு விசுவாசம் என்று பார்த்தால் மார்க் அந்தப் பெட்டிக்குத்தான். நியாயமாகத் திட்டக்கூட வழியில்லை. இருந்தாலும் திட்டுகிறேன். நாவலை மீறிய திரைக்கதை ஆசிரியர் ஆர்தர் ஹாப்கிராஃப்ட்தான் இந்த இடத்தில் சரி.

பிறகு லண்டனில் இருக்கும் சிநேகிதர் மூலம் ஏழு பகுதிப் பெட்டி வந்தது, கூடவே வேறொரு தலைவலியும். டிவிடிகளை நாடுவாரியாக மண்டலம் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒரு மண்டலத்து வட்டு இன்னொரு மண்டலத்து டிரைவில் ஓடாது. அமெரிக்க வட்டு மண்டலம் ஒன்று, பிரிட்டிஷ் வட்டு மண்டலம் இரண்டு, நம் ஊருக்கு ஐந்து. கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதற்கப்புறம் கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வட்டில் ஒரு நாடகம் பார்க்க இத்தனை கெடுபிடி. கடைசியில் மண்டலம் இரண்டுக்கென்றே வெளியே செருகும் டிரைவ் ஒன்றை ஒதுக்கிவிட்டேன். அதில் வேறு எந்த வட்டையும் வைக்க வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.

இவ்வளவு பாடுபட்டுப் பார்க்க அதில் என்ன இருக்கிறது என்றால், முதல் காட்சியையே சொல்கிறேன். ஒரு கூட்ட அறை. நால்வர் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். யாரும் பேசவில்லை. ஒருவர் தன் காகிதங்களை ஒழுங்காக அடுக்குகிறார். இன்னொருவர் வாயில் சிகரெட். கடைசியாக வருபவர் தேநீர்க் கோப்பையின் மேல் சாஸரைக் கவிழ்த்தாற்போல் வைத்து, சிந்தாமல் தூக்கி வருகிறார். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, ஆரம்பிக்கலாம் என்று ஒரே ஒரு வாக்கியம். அவ்வளவுதான் காட்சி. முதல் முறை பார்க்கும்போது நான்கு குமாஸ்தாக்கள் மீட்டிங்குக்கு வருகிறார்கள் என்றுதான் தோன்றும். முடிவு தெரிந்த பிறகு திரும்பப் போய்ப் பாருங்கள். யார் யாரைப் பார்க்கிறார், யார் பார்ப்பதைத் தவிர்க்கிறார், யாருக்கு அந்த அறையில் கூச்சமே இல்லை என்று எல்லாம் அங்கேயே வைத்திருக்கிறார்கள். இயக்குநர் ஜான் இர்வின் அந்தக் காட்சியில் நம்மிடம் எதையும் மறைக்கவில்லை.

எனக்கு இன்னும் தீராத சந்தோஷம் டெல்லிச் சிறைக் காட்சி. சோவியத் உளவுத் தலைவன் கார்லா எப்போதோ டெல்லியில் பிடிபட்டிருக்கிறான். அவனை பிரிட்டிஷ் பக்கம் வரச்சொல்லி ஸ்மைலி பேசுகிறார். பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். தன் மனைவி ஆன் பற்றிக்கூடப் பேசிவிடுகிறார். எதிரில் உட்கார்ந்திருப்பவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. விசாரிக்கப் போனவர் தன்னையே எதிரி முன் பிரித்து வைத்துவிட்டு, ஆன் அன்பளிப்பாகக் கொடுத்த லைட்டரையும் அவனிடம் பறிகொடுத்துவிட்டுத் திரும்புகிறார். கார்லாவாக வருபவர் பாட்ரிக் ஸ்டூவர்ட். பின்னாளில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் விண்கலத்தில் உட்கார்ந்து கம்பீரமாக உத்தரவு போட்ட அதே குரல்காரர். அந்தக் குரலையே கேட்கவிடாமல் வைத்திருக்கிறார்கள். 2011 படத்தில் இதே கதையை ஸ்மைலியாக வரும் கேரி ஓல்ட்மேன் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சொல்கிறார், கார்லாவின் முகத்தைக் காட்டுவதில்லை. அதுவும் நல்ல நடிப்புதான். ஆனால் பேசாமல் இருக்கும் மனிதனை எதிரில் உட்காரவைத்துக் காட்டுவது வேறு.

கின்னஸ் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பிரிட்டனின் பாஃப்டா நடிப்பு விருதே கொடுத்துவிட்டார்கள். இந்த வேடத்துக்காக நிஜ பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.6இன் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு அவரை மதிய உணவுக்கு உட்காரவைத்தாராம் லெ காரே. அந்த மனிதரின் குடை, சட்டைக்கைப் பொத்தான், கிளாஸின் விளிம்பில் விரலை ஓட்டும் விதம் வரை கின்னஸ் உற்றுப் பார்த்திருக்கிறார். திரையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சரி, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? எங்கள் வீட்டில் கேட்கப்பட்டது: "இவங்க எப்பதான் ஏதாவது செய்வாங்க?" அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். 1979இலேயே டிவி விமர்சகர் கிளைவ் ஜேம்ஸ், முதல் பகுதி நாவல் அளவுக்குப் புரியாமல் இல்லை, ஆனால் அதே அளவு கனமாக இருக்கிறது என்று கேலியாக எழுதினார். இருந்தும் பிரிட்டனில் ஜனங்கள் வாராவாரம் பார்த்தார்கள். அதற்கு ஒரு காரணம் பலர் சொல்வதில்லை. செப்டம்பர் 10 முதல் அக்டோபர் 22 வரை தொடர் ஓடியது. ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் 24 வரை போட்டி சேனலான ஐடிவி வேலைநிறுத்தத்தால் நின்று கிடந்தது. இருந்ததே மூன்று சேனல், அதில் ஒன்று இருட்டு. புரியவில்லையா, எழுந்து போய் எதைப் பார்ப்பது? உட்கார்ந்தார்கள், மூன்றாவது வாரம் பிடிபட ஆரம்பித்திருக்கும். எனக்கும் அப்படித்தான். வீட்டில் மண்டலம் இரண்டு டிரைவில் ஓடக்கூடிய வட்டு வேறு எதுவும் கிடையாது.

அதனால் அந்த அலுவலக நண்பருக்கு என் பதில்: வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கையில் போனோடு சோபாவில் சாய்ந்து, இரண்டு நாளில் 'முடித்துவிட' நினைப்பவருக்கு இது ஒத்துவராது. பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டு திங்கட்கிழமை என்னிடம் வந்து 'ரொம்ப ஸ்லோ சார்' என்பார், எனக்கு அன்றைய நாளே கெட்டுவிடும். அவருக்கு 'ஸ்லோ ஹார்ஸஸ்' போதும். மிக் ஹெரானின் நாவல்கள், அதே கேரி ஓல்ட்மேன், 2022 முதல் வருகிறது, சீசனுக்கு ஆறு பகுதி, துரத்தலும் உண்டு, ஏப்பமும் உண்டு. எனக்கும் பிடிக்கும்.

இல்லை, இதைத்தான் பார்ப்பேன் என்று யாராவது அடம் பிடித்தால், வாங்கும் முன் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி ஏழு பகுதி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஆறு என்றால் கீழே வைத்துவிடுங்கள், எவ்வளவு விலை குறைத்திருந்தாலும் சரி. மண்டலம் இரண்டு என்றால் அதற்கு ஒரு டிரைவ் தனியாக வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.