கீரைப் பாத்தியில் இறால் ஓடு: 4 வருஷ அனுபவம்

தர்மபுரி ஜில்லா பாலக்கோட்டில் 4 சென்ட் செம்மண்ணில் சிறுகீரையும் பாலக்கும் போட்டு அக்கம்பக்கத்தில் விற்கிறேன். கடலே இல்லாத ஜில்லாவில் இறால் ஓடு ஏது என்று கேட்பார்கள். ஐஸ் பெட்டியில் வரும் இறாலை மீன்கடையிலேயே உரித்துத் தருகிறார்கள். தலையும் ஓடும் குப்பைக்குத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாளியோடு போய் வாங்கி வந்துவிடுவேன்.

முதல் வருஷம் ஈர ஓட்டை அப்படியே பாத்தியில் கொத்திவிட்டு, அன்றைக்கே விதை தூவினேன். ராத்திரியோடு ராத்திரியாக நாய்கள் பாத்தியைப் பறித்துப் போட்டன. மிஞ்சிய கீரையிலும் ஒரு செழிப்பும் இல்லை. ஓட்டுக்கு உறுதி தரும் கைட்டின் என்ற பொருளில் தழைச்சத்து (நைட்ரஜன்) உண்டு. ஆனால் நுண்ணுயிர்கள் அதை உடைத்துத் தர மாதக்கணக்கில் ஆகும். சிறுகீரையோ 25 நாளில் பிடுங்குகிற பயிர்.

இப்போதெல்லாம் உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசி, மாடியில் மொறுமொறுவெனக் காயவைத்து, உரலில் இடிக்கிறேன். ஒரு கூடை தூளுக்குப் பத்துக் கூடை சாணக் குப்பை கலந்து, குழியில் 3 மாசம் மூடிவைக்கிறேன். நாற்றமும் இல்லை, நாயும் வருவதில்லை. நண்டு ஓடு மட்டும் அதற்குள் மட்காது; அடுத்த குழிக்குத் தள்ளிவிடுவேன்.

என்னை இதை விடாமல் செய்யவைத்தது வேர்தான். சிறுகீரையை வேரோடு பிடுங்கி அலசித்தான் கட்டுப் போடுவோம். முன்பு கட்டுக்கு நாலு செடியிலாவது வேர் முடிச்சு முடிச்சாக இருக்கும்; மண்ணிலிருந்து வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவின் வேலை. அந்தப் புழுவின் முட்டைத் தோலிலும் கைட்டின் இருக்கிறது. ஓட்டைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் முட்டையையும் விடுவதில்லை. இரண்டாம் வருஷக் கடைசியில் முடிச்சு நன்றாகக் குறைந்தது. இப்போது எப்போதாவது ஒன்று கண்ணில் படும்.

ஒரு எச்சரிக்கை. ஓட்டில் கணிசமான பங்கு சுண்ணாம்புதான். எங்கள் போர் தண்ணீரோ ஏற்கெனவே குடத்தில் வெள்ளையாகப் படியும். மூன்றாம் வருஷம் ஆசையில் ஒவ்வொரு விதைப்புக்கும் போட்டேன். கொழுந்து இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றதெல்லாம் மஞ்சளித்தது. சுண்ணாம்பால் மண்ணில் காரம் கூடி, இரும்புச்சத்து ஏறாத அடையாளம் அது. இப்போது ஒரு பாத்திக்கு வருஷத்தில் ஒரே தடவை. அந்தப் பாத்தியில் காரம் கூட்டும் அடுப்புச் சாம்பலும் போடுவதில்லை. மண் பரிசோதனையில் காரம் கூடுதலாக இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். சாம்பல்சத்து (பொட்டாஷ்) ஓட்டில் மிகக் குறைவு, அதனால் குப்பை இல்லாமல் இது மட்டும் போதாது.

புரட்டாசியில் எங்கள் பக்கம் கவிச்சி வாங்குவோர் குறைவு, ஓடும் கிடைக்காது. ஆவணிக்குள்ளேயே இரண்டு சாக்கு இடித்து வைத்துக்கொள்கிறேன்.