கிட்டில் கோப்புறைக் கேச்: நேரமுத்திரையை நம்புவதா, டீமனை நம்புவதா?

பெங்களூரு வெளிவட்டச் சாலை அலுவலகங்களில் பெரிய ரெப்போக்களோடு (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் களஞ்சியங்கள்) மல்லுக்கட்டும் நம்மவர்கள், எந்தக் கோப்புகள் மாறின என்று காட்டும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கட்டளை இழுத்தடிக்கும்போது அன்ட்ராக்ட் கேச்சை இயக்குவதா, டீமன் என்னும் பின்னணி நிரலின் துணையோடு கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் எஃப்எஸ்மானிட்டரை இயக்குவதா என்று கேட்பதுண்டு.

2015இல் கிட் 2.5 பதிப்பில் வந்த அன்ட்ராக்ட் கேச், ஒவ்வொரு கோப்புறையின் நேரமுத்திரையையும் அதில் கண்ட, கிட் கணக்கில் சேராத கோப்புகளின் பெயர்களையும் கிட்டின் உள்பதிவேடான இன்டெக்ஸில் பதிந்துகொள்கிறது. கோப்புறைக்குள் ஒரு பெயர் சேர்ந்தாலோ, நீங்கினாலோ, மாறினாலோதான் அந்த முத்திரை மாறும் என்பதால், அது மாறாதிருக்கும் வரை உள்ளே திறந்து படிக்கத் தேவையில்லை. ஆனால் பேரக் கோப்புறையில் நடந்த மாற்றம் பாட்டனின் முத்திரையை அசைக்காது. எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரித்தே ஆகவேண்டும். எவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லும் கிட்இக்னோர் கோப்பைத் திருத்தினால், அது ஆளும் கோப்புறைகளுக்கான பதிவு செல்லாததாகிவிடும். கேச் தான் உருவான இடத்தையும் குறித்துவைப்பதால், அதே ரெப்போவை டாக்கர் என்னும் தனிச் சூழலுக்குள் வேறு பாதையில் மவுன்ட் செய்தால் (இணைத்தால்), கிட் அந்தக் கேச்சைத் தொடாது. பலர் இதை வழு என்று நினைக்கிறார்கள். எனக்கு இது நல்ல எச்சரிக்கையுணர்வாகவே படுகிறது.

எஃப்எஸ்மானிட்டர் கேட்கும் கேள்வியே வேறு: ‘சென்ற முறைக்குப் பிறகு எது மாறியது?’ 2018இல் கோப்புகளைக் கண்காணிக்கும் வாட்ச்மேன் போன்ற நிரலை அழைக்கும் ஹூக்காக (இணைப்பு ஸ்கிரிப்டாக) வந்து, 2022இல் 2.37 பதிப்பில் விண்டோஸுக்கும் மேக்குக்கும் உள்ளிணைந்த டீமனாயிற்று. டீமன் இடையில் நின்று மீண்டும் எழுந்தால் சென்ற முறையைக் குறிக்கும் பழைய டோக்கன் செல்லாது, எல்லாமே மாறியதாகக் கொள்ளப்படும். தாமதமாகுமே தவிர விடை தவறாது. லினக்ஸில் வாட்ச்மேன் வழியாகச் செல்லும்போது, லினக்ஸின் கண்காணிப்பு வசதியான ஐநோட்டிஃபை கோப்புறைக்கு ஒரு வாட்ச் (கண்காணிப்பு இடம்) கேட்பதால், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகள் குவியும் நோட்மாட்யூல்ஸ் கோப்புறையே பயனருக்கான வாட்ச் ஒதுக்கீட்டைத் தின்றுவிடும். அதே பயனரின் ஐடிஇயும் (நிரலெழுதும் செயலி) அதே ஒதுக்கீட்டில்தான் பங்கு கேட்கும். பழைய கர்னல்களில் இயல்பு வரம்பு 8192 மட்டுமே.

கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்குரியலின் டிர்ஸ்டேட்-வி2 என்னும் கோப்புநிலைப் பதிவு வடிவமும் கோப்புறை நேரத்தைச் சேமிக்கிறது. ஆனால் அந்த நேரம் நடப்பு நொடிக்கு மிக அருகில் இருந்தால் நம்பாமல் விட்டுவிடும்.

உண்மையில் கிட்டின் இவ்விரண்டும் முழுப் போட்டியாளர்கள் அல்ல. கணக்கில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் வேலையை அன்ட்ராக்ட் கேச் குறைப்பதில்லை, எஃப்எஸ்மானிட்டர் குறைக்கிறது. அன்ட்ராக்ட் கேச் இல்லாத எஃப்எஸ்மானிட்டரோ, புதிய கோப்புகளைத் தேடும் வேலையை அப்படியே விட்டுவைக்கிறது. ஆகவே மேக்கில் இரண்டையும் சேர்த்தே இயக்கலாம். லினக்ஸில் முதலில் கேச்சை மட்டும் இயக்கி, அது போதாதபோதுதான் வாட்ச்மேனை நாடுவேன். பிணைய இயக்ககத்தில் ரெப்போ இருந்தால், உள்ளிணைந்த டீமன் தானாகவே மறுத்துவிடும். கேச்சுக்கோ, அந்தக் கோப்பு முறைமை நேரமுத்திரையை ஒழுங்காக மாற்றுகிறதா என்பதை ‘அப்டேட்-இன்டெக்ஸ்’ கட்டளையின் சோதனைத் தெரிவைக் கொண்டு முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.